தங்கையின் பட்டியல்

நம் விடுதியில் கிரிக்கெட் நடக்கும் இரவுகளில் எழும் கூக்குரலை நண்பர்கள் எல்லாரும் அறிவீர்கள். கடைசி ஓவர் நடந்துகொண்டிருக்கும். பந்து வீசுபவர் ஓடி வருவார், கை உயரும், அவ்வளவுதான். படம் அப்படியே நின்றுவிடும். திரையின் நடுவே ஒரு வட்டம் சுழலத் தொடங்கும். உடனே மூன்று மாடிகளிலிருந்தும் வசைமாரி பொழியும். இந்தி, வங்காளம், மலையாளம், தமிழ் எல்லாம் அதில் உண்டு. தேசிய ஒருமைப்பாட்டை அவ்வளவு சிறப்பாக வேறெங்கும் நான் கண்டதில்லை.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாய் நின்று கத்தியவன்தான். சென்ற ஆண்டு ஆடி மாதத்திற்குப் பிறகு கத்துவதில்லை. "என்ன, திடீரென்று ஞானியாகிவிட்டாய்?" என்று அறை நண்பர் கேட்டார். ஞானம் ஒன்றும் வந்துவிடவில்லை. வெட்கம் வந்தது. அது வந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலையின் அடிவாரத்தில் உள்ளது. கோமுகி அணையிலிருந்து வெகு தொலைவு இல்லை. கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளையும் பூமி. நூற்றைம்பது வீடுகள் இருக்கும். ஊருக்குத் தெற்கே ஒரு கரடு. அந்தக் கரட்டுக்கு அப்பால், பெரிய சாலையின் ஓரத்தில், கைப்பேசிக் கோபுரம் நிற்கிறது. ஊருக்கும் அதற்கும் நான்கு கிலோமீட்டர். நாங்கள் அதை 'டவர்' என்போம். "சாப்பிட்டாயா?" என்பதற்கு அடுத்தபடியாக எங்கள் ஊரில் வழங்கும் கேள்வி, "டவர் கிடைக்கிறதா?" என்பதே.

2020-ஆம் ஆண்டில் கொரோனா வந்து பள்ளிகளை மூடினார்கள். அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு. தங்கை எட்டாம் வகுப்பு. வீட்டில் இருந்த நல்ல கைப்பேசி ஒன்றே ஒன்று. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் அது யாருக்கு என்று கேட்பானேன்? எனக்குத்தான்.

கரட்டில் பாதி ஏறினால் ஒரு தட்டைப் பாறை உண்டு. அதன்மேல் அமர்ந்தால் ஆசிரியர் குரல் கேட்கும். ஆனால் வெயிலில் திரை தெரியாது. ஆகவே தங்கை உடன் வந்து குடை பிடிப்பாள். நான் மின்காந்த அலைகளைப் பற்றிப் பாடம் கேட்பேன்; அவள் அந்த அலைகளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்பாள். வீடு திரும்பினால் அவளுக்குக் கல்வித் தொலைக்காட்சி இருந்தது. மின்சாரம் இருந்த நேரங்களில் அதுவும் ஓடியது. "உனக்கு வகுப்பு இல்லையா?" என்று நான் ஒரு நாளேனும் அவளைக் கேட்டதாக நினைவில்லை.

பிறகு நான் திருச்சியில் இளநிலை முடித்து, 2024-இல் இங்கே தில்லிக்கு வந்துவிட்டேன். நம் பல்கலைக்கழகத்தின் இணைய வசதியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2010-இல் தொடங்கிய தேசிய அறிவு வலையமைப்பு நாட்டிலுள்ள பெரிய கல்வி நிலையங்களையும் ஆய்வுக்கூடங்களையும் கண்ணாடி இழையால் பிணைத்தது. அதன் பயனை நாம் காலை எழுந்தது முதல் அனுபவிக்கிறோம். ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தேடி விசையைத் தட்டிவிட்டுத் தேநீர்க் குவளையை எடுப்பதற்குள் அது திரையில் வந்து நிற்கிறது. மூன்று மாதத்தில் பழகிவிட்டேன். ஆறு மாதத்தில், உலகம் முழுவதும் இப்படித்தான் இருக்கிறது என்று எண்ணத் தொடங்கிவிட்டேன்.

சென்ற ஆண்டு, 2025-இல், தங்கை பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். தொழிற்படிப்பில் சேர்வதற்கான கலந்தாய்வு இப்போதெல்லாம் இணையத்தின் வழியேதான். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று விருப்பங்களை வரிசையாகப் பதிவு செய்ய வேண்டும். வரிசைதான் முக்கியம். மேலே இருப்பது கிடைத்தால் கீழே இருப்பதைப் பார்க்கவே மாட்டார்கள். அவள் இருபத்தேழு விருப்பங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். பதிவுக்கு மூன்று நாள் தந்திருந்தார்கள். முதல் நாள் பதினேழு கிலோமீட்டர் போய் நெட் சென்டரில் காத்திருந்தாள். முறை வருவதற்குள் கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. இரண்டாம் நாள் வீட்டிலிருந்தே முயன்றாள். பெயர் கொடுத்து உள்ளே நுழையும் வரை போகும், பட்டியல் பக்கம் மட்டும் திறக்காது. மூன்றாம் நாள் காலையிலிருந்தே மழை. நண்பகலில் சுற்றுவட்டாரம் முழுவதும் மின்சாரம் போய்விட்டது. மாலை ஐந்து மணிக்குப் பதிவு முடியும்.

மூன்றரை மணிக்கு எனக்குப் போன் வந்தது.

"அண்ணா, டவர் இருக்கிற மாதிரி காட்டுகிறது, ஆனால் பக்கம் திறக்கவில்லை. அங்கிருந்து நீ போட்டுவிடுகிறாயா?"

"இதற்கா இவ்வளவு கவலை? ஐந்து நிமிட வேலை" என்றேன்.

எனக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. ஆய்வுக்கூடக் கணினியில் பக்கம் கண்ணிமைப்பதற்குள் திறந்தது. அவள் கைப்பேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்று போயிற்று. அதைப் படித்துச் சொன்னாள். உள்ளே நுழைந்தேன். பிறகு பட்டியலைப் படிக்கத் தொடங்கினாள். கல்லூரிக்கு ஓர் எண், பாடத்திற்கு இரண்டு எழுத்து. முதலாவது வந்தது. நான் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தேன். இரண்டாவது வந்தது. மூன்றாவதில் குரல் உடைந்தது. "ஹலோ, ஹலோ" என்பதிலேயே பாதி நேரம் போயிற்று. இணைப்பு அறுந்தது, மீண்டும் வந்தது, மீண்டும் அறுந்தது. ஒரு மணி நேரத்தில் ஒன்பது விருப்பங்களை வாங்கினேன். நோட்டுப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பு என்றேன். அனுப்பினாள். அது புறப்பட்டதே தவிர வந்து சேரவில்லை.

நான்கு முப்பத்தைந்துக்குச் சொன்னேன்: "சரி, விடு. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அவள், "அண்ணா, முதலில்..." என்றாள். இணைப்பு அறுந்தது.

நான் பார்த்துக்கொண்டேன். கல்லூரிகளின் தரவரிசை, வேலைவாய்ப்பு, கட்டடங்களின் படங்கள் எல்லாம் என் திரையில் மின்னல் வேகத்தில் வந்தன. பத்து நிமிடத்தில் பதினெட்டு விருப்பங்களை நிரப்பினேன். அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. அவள் நான்காவதாகச் சொல்லியிருந்த கோயம்புத்தூர்க் கல்லூரியைத் தூக்கி முதலாவதாக வைத்தேன். அவள் முதலாவதாகச் சொன்னது எங்கள் பக்கத்திலேயே உள்ள ஒரு சிறிய கல்லூரி. 'இவளுக்கு என்ன தெரியும்? நாலு இடம் பார்த்தவன் நான் அல்லவா?' என்று எண்ணினேன். நான்கு ஐம்பத்திரண்டுக்குப் பட்டியலைப் பூட்டினேன். வீட்டைக் காப்பாற்றிவிட்ட பெருமிதத்தோடு மெஸ்ஸுக்குப் போய்த் தேநீர் குடித்தேன்.

கோயம்புத்தூரே கிடைத்தது. அப்பாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்கும் பக்கம் வந்தபோது அதையும் நானே திறந்து, "சரிதானே?" என்று தங்கையைக் கேட்டேன். சிறிது நேரம் பேச்சு இல்லை. வழக்கம்போல டவர் போய்விட்டது என்று நினைத்தேன். "சரி, அண்ணா" என்ற குரல் வந்தது. பிறகு, "நான் முதலில் சொன்னது எப்படி மாறியது?" என்று கேட்டாள். நான், "உன் குரல் சரியாகக் கேட்கவில்லை, அம்மா. அதில் வரிசை மாறிவிட்டது போலிருக்கிறது" என்றேன்.

நண்பர்களே, நான் அந்த முதல் எண்ணைத் தெளிவாகக் கேட்டேன். பழியைக் கோபுரத்தின்மேல் போட்டேன். அதற்கு வாய் இல்லை.

நிற்க. கோபுரம் இந்தக் குற்றத்தைச் செய்யவில்லை என்றாலும், வேறு குற்றங்கள் அதன்மேல் உண்டு. அவற்றை இயற்பியல் படிப்பவன் என்ற முறையில் சற்று விளக்க விரும்புகிறேன். ஏனெனில், 'கிராமத்தில் டவர் இல்லை' என்று நாம் பொதுவாகச் சொல்வது சரியான நோயைச் சொல்வதாகாது.

தங்கை சொன்னாளே, "டவர் இருக்கிற மாதிரி காட்டுகிறது" என்று. அதில்தான் செய்தி இருக்கிறது. கைப்பேசியில் தெரியும் கோடுகள், கைப்பேசிக்கும் கோபுரத்திற்கும் இடையே உள்ள நிலையை மட்டுமே காட்டும். கோபுரத்திற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவை சொல்லா. நகரத்தில் கோபுரத்தின் அடியில் கண்ணாடி இழை வந்து நிற்கிறது. நாட்டுப்புறத்தில் பல கோபுரங்கள் இன்னும் நுண்ணலை வழியாகவே, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவித் தாவி, தலைமை நிலையத்தை அடைகின்றன. அந்த வழி குறுகலானது. ஏரி நிறையத் தண்ணீர் இருந்தும் மதகு சிறிதாக இருந்தால் கடைமடைக்கு என்ன போய்ச் சேரும்? நான்கு கோடும் நிற்கும், பக்கம் திறக்காது.

இழை வந்த இடத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. நகரத்தில் இழைகளை வளையமாக இடுகிறார்கள். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கமாகச் செய்தி சுற்றி வரும். சிற்றூருக்குப் போவது பெரும்பாலும் ஒற்றை வால். சாலை போடும் இயந்திரம் ஒருமுறை பல்லை வைத்தால் போதும். பத்து ஊர் வாயடைத்துப் போகும்.

அடுத்தது அலைகளின் இயல்பு. 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண் அலைகள் நெடுந்தூரம் போகும். சுவரையும் மரத்தையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் அங்கே கிடைக்கும் பாதை குறுகியது. 3,300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே அகலமான பாதை உண்டு. ஆனால் அந்த அலை விரைவில் களைத்துவிடும். 2022 அக்டோபர் முதல் நாள் நம் நாட்டில் தொடங்கிய ஐந்தாம் தலைமுறைச் சேவையின் பெருவேகம் பெரிதும் இந்த உயர்ந்த அலைகளால் வருவது. ஆகவே அதற்குக் கோபுரங்கள் நெருக்கமாக வேண்டும். ஒரு சதுரக் கிலோமீட்டரில் பல்லாயிரம் பேர் வாழும் இடத்தில் சில நூறு மீட்டருக்கு ஒரு கோபுரம் வைத்தாலும் கட்டுப்படியாகும். நூற்றைம்பது வீட்டுக்காக யார் வைப்பார்கள்?

1948-இல் கிளாட் ஷானன் என்ற அமெரிக்க அறிஞர் செய்திப் பரிமாற்றத்திற்கு ஒரு வரம்பு வகுத்தார். ஒரு பாதையில் எவ்வளவு வேகமாகச் செய்தி போகலாம் என்பதைப் பாதையின் அகலமும், இரைச்சலை மீறிச் செய்தி எவ்வளவு வலுவாக ஒலிக்கிறது என்பதும் சேர்ந்து முடிவு செய்யும் என்றார். களத்துமேட்டில் நின்று பக்கத்தில் இருப்பவரோடு பேசுவது எளிது. ஒரு கல் தொலைவில் ஏர் ஓட்டுகிறவரைக் கூப்பிட வேண்டுமானால் ஒரு சொல்லை மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கிறது. கோபுரத்தின் எல்லையில் இருக்கும் கைப்பேசியின் பாடும் அதுவே. கரடு குறுக்கே நின்றால் சொல்லவே வேண்டாம்.

தில்லியிலிருந்து சென்னைக்குக் கண்ணாடி இழையில் ஒளி போய்ச் சேர ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு அளவே ஆகும். கடலடிக் கம்பிகள் பல சென்னையில்தான் கரையேறுகின்றன. சிங்கப்பூர் செய்தியும் அங்கே கணத்தில் வந்துவிடும். உலகத்தைச் சுற்றிவரும் செய்தி கடைசி நான்கு கிலோமீட்டரில் கால் இடறி விழுகிறது. இதுதான் நோய்.

அரசு இதை அறியாமல் இல்லை. தொலைபேசி நிறுவனங்களின் வருவாயில் 5 விழுக்காட்டை நாட்டுப்புறச் சேவைக்கென ஒதுக்கும் நிதி 2002 முதலே உண்டு; 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி அதற்கு இப்போது 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று பெயர். இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் திட்டத்திற்கு 2011 அக்டோபரில் ஒப்புதல் தந்தார்கள். பாரத்நெட் என்பது அதன் இன்றைய பெயர். 2023 ஆகஸ்டில் அதை விரிவாக்க 1,39,579 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் வழங்கினார்கள். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கத் திட்டமிட்டார்கள். இவை சிறிய முயற்சிகள் அல்ல. ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை இழை வருவது வேறு. அங்கிருந்து ஒரு வீட்டு மேசைக்கு வருவது வேறு. 2024 மார்ச்சில் நகர்ப்புறத்தில் நூறு பேருக்கு ஏறத்தாழ 134 தொலைபேசி இணைப்புகள் இருந்தன. நாட்டுப்புறத்தில் ஏறத்தாழ 59. எண்ணிக்கையிலேயே இவ்வளவு வேறுபாடு. தரத்தின் வேறுபாடு இந்தக் கணக்கில் வராது.

'பிராட்பேண்ட்' என்று அழைப்பதற்கு விநாடிக்கு 2 மெகாபிட் வேகமாவது வேண்டும் என்று 2023 சனவரியில் வரையறுத்தார்கள். தங்கை அனுப்பிய நோட்டுப் படம் சுருங்கிய நிலையில் இருநூறு கிலோபைட் இருக்கும். அந்தக் குறைந்த வேகமாவது இருந்திருந்தால் ஒரு விநாடிக்குள் வந்திருக்கும். அது மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்தது.

நம் நாட்டில் 1854-இல் அஞ்சல் கட்டணத்தைத் தூரம் பாராமல் ஒன்றாக்கினார்கள். பக்கத்துத் தெருவுக்கும் ஆயிரம் கல்லுக்கும் ஒரே விலை. இன்றும் ஓர் அஞ்சல் அட்டை தில்லிக்கும் எங்கள் ஊருக்கும் ஒரே விலைதான். இரண்டு இடத்திலும் அதில் எழுதிய எழுத்துகள் அத்தனையும் இருக்கும். கைப்பேசிக்கு நான் இங்கே செய்யும் ரீசார்ஜும், அப்பா அங்கே செய்யும் ரீசார்ஜும் ஒரே தொகை. விலையில் சமத்துவம் வந்துவிட்டது. பொருளில்தான் வரவில்லை. கடையில் ஒரே விலைக்கு ஒருவனுக்கு முழுப் படியும் மற்றவனுக்குக் கால் படியும் அளந்தால் சும்மா இருப்போமா?

இவ்வளவும் நான் பிறகு யோசித்தவை. யோசிக்க வைத்தது அந்த நோட்டு.

ஐப்பசியில் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். தங்கையும் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். பரணில் எதையோ தேடியபோது அந்த நோட்டு கையில் கிடைத்தது. இருபத்தேழு விருப்பங்களையும் பென்சிலால் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் சிறு குறிப்பு வைத்திருந்தாள். பேருந்து நேரம், விடுதிக் கட்டணம், நம் ஊர்ப் பக்கத்தில் அங்கே படித்தவர் யார், அவர் என்ன சொன்னார் என்பதெல்லாம் அதில் இருந்தன. முதல் விருப்பத்தின் எதிரே இப்படி எழுதியிருந்தாள்: 'டவுன் பஸ் 7.10. டிக்கெட் இல்லை. ஆறு மணிக்குள் வீடு. அம்மாவுக்கு இடுப்பு வலி. மாட்டுக்குத் தண்ணீர் நான் காட்டலாம்.'

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதைக்கூட அவள் கணக்கில் சேர்த்திருக்கிறாள். அம்மா கொல்லைக் குழாயிலிருந்து குடத்தை இடுப்பில் ஏற்றாமல் கையிலேயே தூக்கிக்கொண்டு, பாதி வழியில் இறக்கி வைத்து, மீண்டும் தூக்கிப் போவதை அன்று மாலைதான் நான் கவனித்தேன்.

ஆய்வுக்கூடத்தில் அன்று என் திரையில் மின்னல் வேகத்தில் வந்த செய்திகளை எண்ணிப் பார்த்தேன். தரவரிசை வந்தது. கட்டடம் வந்தது. ஏழு பத்துப் பேருந்து வரவில்லை. அம்மாவின் இடுப்பு வரவில்லை. அவை எந்த வேகத்திலும் வரமாட்டா; ஏனெனில் அவை இணையத்தில் இல்லை. தங்கையின் நோட்டில் மட்டும்தான் இருந்தன. அந்த நோட்டிலிருந்து உலகத்துக்கு வர இருந்த ஒரே வழி அந்தக் குறுகிய வழி. அது அடைபட்டபோது, முழுச் செய்தி தெரிந்தவள் ஊமையானாள். அரைச் செய்தி தெரிந்த நான் முடிவு செய்தேன்.

நகரத்திற்கும் கிராமத்திற்கும் இடையே உள்ள இணைய வேறுபாடு என்றால், ஒருவன் படம் பார்க்கிறான், மற்றவனால் பார்க்க முடியவில்லை என்பதோடு முடிந்துவிடுவதாக நாம் நினைக்கிறோம். அப்படியன்று. வேகம் உள்ளவன் வேகம் இல்லாதவனுக்காக முடிவெடுக்கத் தொடங்குகிறான். அன்பினாலேதான் எடுக்கிறான், அதனால் தடுப்பாரும் இல்லை. நிலப்பட்டாவுக்கு மனு, பயிர்க் காப்பீடு, உதவித்தொகை, கலந்தாய்வு எல்லாம் இணையத்திற்குப் போய்விட்ட இந்நாளில், ஊரில் உள்ளவர்களின் பெயரால் வெளியூரில் இருக்கும் நம் போன்றவர்களே விசையைத் தட்டுகிறோம். இதைப் படிக்கும் நண்பர்களில் எத்தனை பேர் வீட்டுக்குக் கணக்குப்பிள்ளையாய் இருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அப்பாவின் கடவுச்சொல் நம்மிடம். அம்மாவின் ஆதார் எண் நம்மிடம். அவர்களுடைய விருப்பம் மட்டும் நம்மிடம் இருக்கிறதா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதுதான் எனக்கு அதிக வெட்கம் தருவது. அன்று படம் வரவில்லை, குரல் வரவில்லை. ஆனால் அந்த ஆறு இலக்க எண் மட்டும் தடையின்றி அவள் கைப்பேசிக்கு வந்து சேர்ந்ததே, எப்படி? குறுஞ்செய்திக்கு அகலமான பாதை தேவையில்லை. அது கைப்பேசியும் கோபுரமும் தமக்குள் பேசிக்கொள்ளும் சந்திலேயே புகுந்து போய்விடும். தமிழில் எழுதினால் ஒரு குறுஞ்செய்தியில் 70 குறிகள் அடங்கும். ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் 160 அடங்கும். ஒரு விருப்பத்திற்கு நான்கு எண், இரண்டு எழுத்து, ஓர் இடைவெளி. இருபத்தேழு விருப்பங்களுக்கு 189 குறிகள். இரண்டே குறுஞ்செய்தி! "எழுதி அனுப்பு" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பட்டியல் முழுவதும் நான்கு மணிக்குள் என் கையில் இருந்திருக்கும். முதுநிலை இயற்பியல் படிக்கும் எனக்கு அது தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் அறியாமை அன்று. குறுகிய வழியில் செல்ல வேண்டிய தேவையே எனக்கு மறந்துபோயிருந்தது. பாறைமேல் அமர்ந்து படித்த நாட்களில் எனக்கு அது உடனே தோன்றியிருக்கும்.

ஆகவே நண்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள். வீட்டுக்காக எதையேனும் பதிவு செய்யும்போது, அவர்கள் சொன்னதை வரிசை மாறாமல் திருப்பிப் படித்துக் காட்டிய பிறகே விசையைத் தட்டுங்கள். வழி இல்லையென்றால் குறுஞ்செய்தி இருக்கிறது. இரண்டாவது, நம்மில் பலர் நாளை இத்தகைய இணையப் பக்கங்களைச் சமைக்கும் வேலைக்குத்தான் போகப் போகிறோம். அங்கே அமர்ந்து எழுதும்போது, மழை நாளில் கரட்டுக்குப் பின்னால் நின்று அதைத் திறக்கப் பார்க்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அலங்காரப் படங்களைக் குறைத்தால் பக்கம் எடை குறையும். பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வழி வையுங்கள். இவற்றுக்குக் கோடி ரூபாய் வேண்டியதில்லை. கோபுரத்தையும் இழையையும் அரசிடமும் நிறுவனங்களிடமும் உரக்கக் கேட்போம். அது நம் உரிமை. ஆனால் அவை வரும் வரையில் நம் கையில் இருப்பதையாவது ஒழுங்காகச் செய்வோம்.

தங்கை கோயம்புத்தூரில் நன்றாகவே படிக்கிறாள். முதல் பருவத்தில் நல்ல மதிப்பெண். விடுதியில் வை-ஃபை இருக்கிறது. காணொளியில் அவள் முகம் இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. "இங்கே எல்லாம் வேகமாக இருக்கிறது, அண்ணா. அம்மாவைப் பார்த்துப் பேசத்தான் முடியவில்லை" என்றாள் ஒரு நாள்.

இந்தக் கட்டுரையை மன்றத்துக்குக் கொடுக்கும் முன் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சென்ற ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். வரிசையை மாற்றியவன் நானே, டவர் அன்று, என்றேன். இந்த முறை இணைப்பு அறவில்லை.

"தெரியும், அண்ணா" என்றாள். "முதல் எண்ணை நீ திருப்பிச் சொன்னாயே."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவளே பேசினாள். அடுத்த மாதம் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறாளாம். கொல்லையிலிருந்து மாட்டுத் தொட்டி வரை ஒரு குழாய் இழுத்துவிட எவ்வளவு ஆகும் என்று விசாரித்து வைத்திருக்கிறாளாம். கணக்கைக் குறுஞ்செய்தியில் அனுப்பினாள். ஒரு எண்ணும் மாற்றாமல் பணத்தை அனுப்பிவைத்தேன்.